ஓயாமல் ஓடும் இத்தாலியப் பண்ணை வீட்டில் தங்கி உதவுவது எப்படி?

உங்கள் கேள்வியை நிதானமாக இரண்டு தடவை படித்தேன். கோவையில் மென்பொருள் வேலை, அக்டோபர் கடைசியிலிருந்து நான்கு வாரம் விடுப்பு. இத்தாலியின் உம்பிரியாவில் ஒரு அக்ரிதுரிஸ்மோ, அதாவது விருந்தினரைத் தங்கவைக்கும் பண்ணை வீடு. தினம் சில மணி நேரம் உதவினால் தங்க அறையும் சாப்பாடும் தருவதாக வீட்டுக்கார அம்மா எழுதியிருக்கிறார். கூடவே, "நான் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பேன், உன்னைக் கவனித்துக்கொள்ள எனக்கு நேரம் இருக்காது" என்றும் சொல்லியிருக்கிறார். போகலாமா, எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "அவருக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதினீர்களே, அதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று எனக்குப் படுகிறது. போகிற வீட்டில் விருந்தாளியும் இல்லை, வேலையாளும் இல்லை. அப்படியானால் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்பதுதான் கேள்வி.

நான் கோவையில் தோட்டக்கலை படித்துவிட்டு மேற்படிப்புக்காக உம்பிரியாவின் தலைநகரான பெரூஜா வந்து, அப்படியே இங்கு தங்கிவிட்டேன். திரசிமேனோ ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் 12 வருடமாகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். உதவிக்கு வந்து தங்குகிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் என் பொறுப்புதான். அதனால் பண்ணை, அறைகள், சமையலறை பற்றிச் சொல்வதை நம்பலாம், பார்த்ததைத்தான் சொல்கிறேன். விசா பற்றிச் சொல்வது மட்டும் வேறு. நான் வழக்கறிஞர் இல்லை, அங்கே எது உறுதி, எது ஆளுக்கு ஆள் மாறும் என்று பிரித்தே சொல்கிறேன்.

அந்த அம்மா ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறார் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. அக்ரிதுரிஸ்மோ என்பது கிராமத்தில் இருக்கும் லாட்ஜ் அல்ல. 1985இல் வந்த ஒரு சட்டமும் அதற்குப் பதிலாக 2006இல் வந்த சட்டமும் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்கின்றன: நடத்துகிறவர் விவசாயியாக இருக்க வேண்டும், விவசாயம்தான் முதன்மை, விருந்தினர் அதன் துணைத் தொழில். சாப்பாடு போடுவதென்றால் அதில் கணிசமான பங்கு சொந்தப் பண்ணையிலிருந்தும் அந்த வட்டாரத்திலிருந்தும் வர வேண்டும். எத்தனை சதவீதம், எத்தனை கட்டில் என்பதையெல்லாம் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வகுத்திருக்கிறது. ஆக, அந்த அம்மாவுக்கு இரண்டு முழுநேர வேலை. காலையில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு டிராக்டர் ஏற வேண்டும், மாலையில் ஆலிவ் மூட்டை இறக்கிவிட்டு விருந்தினரைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. உம்பிரியா, தொஸ்கானா பக்கம் இருக்கும் இந்தக் கல் வீடுகளில் முன்பு வாரக் குடியானவர்கள் இருந்தார்கள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி குடியானவருக்கு, ஒரு வீட்டில் பதினைந்து பேர். 1964இல் புதிதாக இப்படிப் பங்கு ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடுத்துவிட்டது. அதற்கு முன்பே மக்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரம் போக ஆரம்பித்திருந்தார்கள், வீடுகள் காலியாகிவிட்டன. அந்த வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டவர்கள்தான் பிறகு அறைகளை வாடகைக்கு விட்டார்கள். இன்றைக்கு நாடு முழுக்கச் சுமார் 26,000 அக்ரிதுரிஸ்மோக்கள் இருக்கின்றன. பதினைந்து பேர் செய்த வேலை இரண்டு பேர் தலையில் விழுந்திருக்கிறது. அவர் "நேரம் இருக்காது" என்று எழுதியது உங்களைத் தட்டிக்கழிக்க இல்லை. உள்ளதைச் சொல்லியிருக்கிறார். இப்படி முன்கூட்டியே சொல்கிறவர்களிடம் தங்குவது, "வாருங்கள், எல்லாம் ஜாலியாக இருக்கும்" என்று எழுதுகிறவர்களிடம் தங்குவதைவிட நல்லது.

சரி, விசா. டிக்கெட் போட்ட பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் சுற்றுலா விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். இந்த விசாவில் இத்தாலியில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, தென்கொரியா இளைஞர்களுக்கு விடுமுறையோடு வேலையும் செய்ய ஒரு தனி விசா இருக்கிறது, இந்தியர்களுக்கு அது இல்லை. பருவகால விவசாய வேலைக்கு வருடாவருடம் அரசு ஒதுக்கும் இடங்களில் இந்தியர்களுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது முதலாளி விண்ணப்பித்து, சம்பளத்தோடு நடக்கும் விஷயம், உங்கள் நான்கு வாரத்துக்குப் பொருந்தாது. தன்னார்வப் பணிக்கென்று ஒரு விசா இருப்பதும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் திட்டங்களுக்குத்தான், தனி ஒருவர் நடத்தும் விருந்தகத்துக்கு அல்ல. "சம்பளம்தான் வாங்கவில்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். உழைப்புக்கு ஈடாக அறையும் சாப்பாடும் வாங்கினால், தொழிலாளர் ஆய்வாளர் அதை வேலையாகப் பார்க்க இடமிருக்கிறது. அபராதம் முதலில் அந்த அம்மாவுக்குத்தான் வரும். விவசாயத்தில் உறவினர்கள் எப்போதாவது கூலியில்லாமல் கைகொடுப்பதை வேலையாகக் கணக்கிடுவதில்லை என்று இத்தாலியச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. அப்படி ஒரு விலக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்பதிலிருந்தே வெளியாள் நிலைமை என்ன என்று புரிந்துகொள்ளலாம்.

உறுதியாகச் சொல்ல முடியாதது இது. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் என்ற இயக்கம் இத்தாலியிலும் ஒரு சங்கமாக இருக்கிறது. இயற்கை விவசாயப் பண்ணையில் உறுப்பினர் ஒருவர் இன்னொரு உறுப்பினரோடு தங்கிக் கற்றுக்கொள்வது, பணம் கைமாறாது, சங்கத்தின் வழியாகக் காப்பீடு உண்டு என்பது அதன் அமைப்பு. சுற்றுலா விசாவில் வந்து இப்படித் தங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி சரி என்று எழுத்தில் யாரும் உங்களுக்குத் தரமாட்டார்கள், தவறு என்று எல்லா அதிகாரியும் சொல்வதும் இல்லை. ஆலிவ் பறிப்பதற்கும் காசு கொடுத்துத் தங்குகிறவரின் அறையைத் துடைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைக் கற்றல் என்று சொல்லலாம், இரண்டாவதை அப்படிச் சொல்வது மிகவும் கஷ்டம். என் யோசனை, இத்தாலியத் தூதரகத்துக்கு உங்கள் திட்டத்தை உள்ளபடி மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஒத்துவராது என்று பதில் வந்தால் இன்னொரு நேர்வழி உண்டு: பணம் கொடுத்துத் தங்கும் விருந்தினராகவே போங்கள். நவம்பரில் வாடகை குறைவு, நான்கு வாரம் தங்குவதென்றால் இன்னும் குறைத்துக் கேட்கலாம். தங்குகிறவர்களை ஆலிவ் பறிக்க ஒரு நாள், இரண்டு நாள் தோப்புக்குக் கூட்டிப்போகும் பண்ணைகள் இங்கே நிறைய. விருந்தினராக இருந்துகொண்டு சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பதை யாரும் வேலை என்று சொல்லப்போவதில்லை. செலவு கூடும், ஆனால் மனசு நிம்மதியாக இருக்கும். இனி சொல்வது நீங்கள் எந்த வழியில் போனாலும் பயன்படும், எவ்வளவு செய்வது என்பதுதான் மாறும்.

போவதற்கு முன்பு அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஓயாமல் ஓடுகிறவர்களுக்கு நீளமான கடிதம் படிக்க நேரம் இருக்காது, அதனால் ஒரு வரியில் பதில் சொல்லும்படி கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் முழு ஓய்வு, அறை தனியா பகிர்வா, அதில் சூடு உண்டா, மூன்று வேளையும் சாப்பாடு வீட்டிலா, ரயில் நிலையத்திலிருந்து எப்படி வருவது. இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் பொதுவாகப் பேசிக்கொள்வது நாளைக்கு நான்கைந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள். ஆறு மணி நேரத்துக்கு மேல் கேட்டால், ஏழு நாளும் கேட்டால், அவருக்குத் தேவைப்படுவது சம்பள ஆள். அதை மரியாதையாகச் சொல்லி விலகிவிடலாம். தங்க வருகிறவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் அவர்கள் விவரத்தை விருந்தகத்தார் காவல் துறைக்கு இணையத்தில் பதிவுசெய்தாக வேண்டும். "உங்கள் பெயரைப் பதிய வேண்டாம், யாருக்கும் தெரியாமல் இருந்துகொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால் அந்த வீட்டுக்குப் போகவே போகாதீர்கள். இதை மிகவும் கவலையோடுதான் சொல்கிறேன். 2024 ஜூனில் ரோமுக்குத் தெற்கே லத்தீனா பக்கம், எந்தப் பதிவும் இல்லாமல் பண்ணையில் வேலை செய்த பஞ்சாப் இளைஞர் ஒருவர் இயந்திரத்தில் கை துண்டாகி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் விடப்பட்டு இறந்துபோனார். விருந்தக வீடுகளும் அந்தப் பெரிய காய்கறிப் பண்ணைகளும் ஒன்றல்ல. ஆனால் பதிவில் இல்லாத ஆளுக்கு விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே இருக்கும் எந்த இந்தியரும் மறக்கவில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். இந்த மாதிரி வீடுகளின் வாரத்தில் ஒரு நாள் மட்டும் மற்ற நாள் மாதிரி இருக்காது. கோடையில் அது சனிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பழைய விருந்தினர் கிளம்புவார்கள், மாலை நான்கு மணிக்குப் புதியவர்கள் வருவார்கள். நடுவில் ஆறு மணி நேரத்தில் எல்லா அறையும் தயாராக வேண்டும். நீங்கள் போகும் பருவத்தில் வார இறுதிக் கூட்டம்தான் அதிகம் என்பதால் ஞாயிறு மாலையும் திங்களும் அப்படி ஆகலாம். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அரசு விடுமுறை. அது வியாழனிலோ செவ்வாயிலோ வந்தால் நடுவில் ஒரு நாள் விடுப்புப் போட்டு நீண்ட விடுமுறையாக்கிக்கொள்வார்கள், அதை இங்கே "பாலம்" என்றே சொல்வார்கள். அந்தப் பாலத்தில் வீடு நிரம்பிவிடும்.

அந்த நாளில் நடப்பதை அப்படியே சொல்கிறேன். விருந்தினர் கார் தெருமுனை திரும்பும்போதே ஜன்னல் கதவுகளை விரியத் திறந்துவிடுவோம். முதலில் விரிப்புகள், துண்டுகள் எல்லாவற்றையும் உருவி எண்ணி ஒரே மூட்டையாகக் கட்டுவது. எண்ணாமல் கட்டினால் ஒரு துண்டு குறைந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அப்புறம் குளியலறை. இங்கே தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குழாயை எவ்வளவு தேய்த்தாலும் ஈரத்தோடு விட்டால் வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். கடைசியில் ஒரு காய்ந்த துணியால் துடைத்து விட்டால்தான் பளபளக்கும். அந்தக் கடைசித் துடைப்பைத்தான் புதிதாக வருகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருவர் தனியாக விரிப்பதற்குள் மூச்சு வாங்கும். எதிர்ப் பக்கம் ஒருவர் நின்று நுனியைப் பிடித்தால் ஒரு உதறில் விழுந்துவிடும். தூதரகம் ஒத்துக்கொண்டால் அந்த எதிர்ப் பக்கத்து ஆள் நீங்கள்தான். பணம் கொடுப்பவரின் அறையில் நீங்கள் வேலை செய்வது சட்டத்துக்குச் சிக்கல் என்றேனே, வீட்டாரின் துணிகளை மடிப்பதும் கொடியில் உலர்த்துவதும் அந்த அளவுக்கு இல்லை. அவருக்கு முதுகு வலிக்கும் வேலையே அதுதான்.

இன்னொன்று கரண்டு. இங்கே வீடுகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மின் இணைப்பு 3 கிலோவாட்தான். பண்ணை வீட்டில் அதைவிடக் கூடுதலாக வாங்கியிருப்பார்கள், ஆனாலும் அளவாகத்தான் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரமும் அடுப்பும் ஓடும்போது நீங்கள் அறையில் கெட்டில் போட்டால் வீடே இருட்டாகிவிடும். முதல் நாளே மின்பெட்டி எங்கே, எதெல்லாம் சேர்த்துப் போடக்கூடாது என்று கேட்டுவையுங்கள். குப்பையும் அப்படித்தான். ஈரக் குப்பை, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி என்று தனித்தனி வாளி, தனித்தனி நாள், விருந்தினர்கள் கலந்து போட்டுவிட்டுப் போவார்கள், வண்டிக்காரர் எடுக்காமல் போய்விடுவார். எந்த நாள் எந்த வாளி என்பதை நீங்கள் ஒருவர் ஏற்றுக்கொண்டாலே போதும், அந்த அம்மா உங்களை மறக்கமாட்டார்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பாரமாவது, குறைவாக வேலை செய்கிறவர் அல்ல. "அடுத்து என்ன செய்யட்டும்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறவர்தான். நம் வீடுகளில் அது பணிவு. பெரியவர் சொல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று வளர்ந்திருக்கிறோம். நான் முதலில் வேலை செய்த பண்ணையில் மூன்று வாரம் அப்படித்தான் அந்த அம்மா பின்னாலேயே நடந்தேன். ஒரு நாள் அவர் மாவு பிசைந்த கையோடு நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீ கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு பேருக்காக யோசிக்க வேண்டியிருக்கிறது." அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் சொன்னது சரி. மறுநாள் கோழிகளை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காலை திறந்துவிடுவது, தண்ணீர், தீனி, முட்டை எடுத்து எண்ணித் தேதி எழுதுவது, இருட்டுவதற்குள் அடைப்பது. நரி வரும் ஊர் என்பதால் அடைப்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. அதன் பிறகு அவர் கோழியைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு மாதம் கழித்துச் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார்.

அதனால் போன இரண்டாவது நாள், அவர் காலைக் காப்பி குடிக்கும் ஐந்து நிமிடத்தில், ஒரே ஒரு வேலையைச் சுட்டிக்காட்டி "இது என் பொறுப்பு" என்று கேட்டு வாங்குங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே செய்யக்கூடியதாக அது இருக்கட்டும். கோழி, குப்பை, துணி, கணப்புக்கு விறகு அடுக்குவது, தோட்டத்துக்குத் தண்ணீர். சந்தேகங்களைச் சேர்த்து ஒரு தாளில் எழுதிவைத்து இரவுச் சாப்பாட்டில் ஒரே தடவையாகக் கேளுங்கள். நீங்கள் மென்பொருள் ஆள் என்பதால், "முன்பதிவுத் தளத்தைச் சரிசெய்து தருகிறேன், புது இணையதளம் போட்டுத் தருகிறேன்" என்று ஆசையாக ஆரம்பிப்பீர்கள். முதல் வாரத்தில் வேண்டாம். நீங்கள் போன பிறகு அது கெட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அவராகக் கேட்டால் மட்டும், அவரே பிறகு கையாளும் அளவுக்குச் செய்துகொடுங்கள்.

நீங்கள் போகும் நேரம் ஆலிவ் பருவம் என்பதால் உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. மரத்தடியில் வலை விரிப்பார்கள். சரிவில் வலையின் கீழ் ஓரத்தைக் குச்சி வைத்துத் தூக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பறித்ததெல்லாம் உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். கையில் சின்னச் சீப்பு மாதிரி ஒரு கருவி கொடுப்பார்கள், கிளையில் மேலிருந்து கீழாக இழுத்தால் காய்கள் மழை மாதிரி வலையில் விழும். பாட்டரியில் அதிரும் நீளக் கோலை வீட்டுக்காரரே பிடிப்பார், நீங்கள் கேட்க வேண்டாம். அது கனம், கழுத்துப் பிடித்துக்கொள்ளும். வலையை நான்கு முனையில் தூக்கிக் காய்களை நடுவுக்கு உருட்டி, இலை, குச்சி பொறுக்கி, துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் கொட்டுவோம். சாக்கில் கட்டமாட்டோம், காய் ஒன்றோடொன்று நசுங்கிச் சூடேறிப் புளித்துவிடும், எண்ணெயில் அந்த நாற்றம் ஏறும். பறித்த காய் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் செக்குக்குப் போக வேண்டும். அதனால்தான் மழை வரும்போல் இருந்தால் இருட்டும்வரை பறிப்பார்கள், மணிக்கணக்கு பார்க்கமாட்டார்கள். அன்றைக்கு நீங்களும் மணி பார்க்காதீர்கள், மறுநாள் தாமதமாக எழுந்துகொள்ளலாம் என்று அவரே சொல்வார். செக்குக்கு அவரோடு கட்டாயம் போங்கள். நூறு கிலோ காய்க்குப் பத்திலிருந்து பதினைந்து கிலோ எண்ணெய்தான் வரும், சீக்கிரம் பறித்தால் இன்னும் குறையும். குழாயிலிருந்து முதலில் விழும் எண்ணெய் கண்ணைப் பறிக்கும் பச்சை. கணப்பில் வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அதை ஊற்றிக் கொடுப்பார்கள். தொண்டையில் மிளகு மாதிரி உறைக்கும். அதுதான் நல்ல எண்ணெயின் அடையாளம், இருமினால் சந்தோஷப்படுவார்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் இங்கே சைவம் என்பதன் எல்லை வேறு. பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் செய்யப்படுகிறது. சில ரொட்டியிலும் பலகாரத்திலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். காய்கறிச் சூப்பில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. எதைப் பொறுத்துக்கொள்வீர்கள், எது கூடாது என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். உம்பிரியா ரொட்டியில் உப்பே இருக்காது, அது மறதி அல்ல, வழக்கம். வாரத்தில் ஒரு நாள் வீட்டாருக்கு மட்டும் நீங்கள் சமைப்பதாகச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாதம், பருப்பு ரசம், உருளைக்கிழங்குப் பொரியல், காரம் பாதி. வேறொருவர் சமைத்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுவதே அவருக்கு அபூர்வம். ஆனால் காசு கொடுக்கும் விருந்தினருக்குப் போகும் எதையும் சமைக்காதீர்கள். அதற்கு உணவுச் சுகாதாரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், ஒவ்வாமைப் பட்டியல் இருக்க வேண்டும், ஆய்வு வந்தால் அவர் மாட்டிக்கொள்வார்.

மொழி வராதே என்று கவலைப்பட வேண்டாம், நூறு சொல் போதும். அதில் முதல் சொல் "பெர்மெஸ்ஸோ". யார் வீட்டு வாசலைத் தாண்டும்போதும், கதவு திறந்தே இருந்தாலும், அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பார்கள். "வரலாமா" என்று அர்த்தம். வீட்டு அம்மாவை "சிஞோரா" என்று மரியாதையாக ஆரம்பியுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடு என்று அவரே சொல்லும்வரை அப்படியே இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரம் வீடு அடங்கிவிடும். அந்த நேரத்தில் அவர் கதவைத் தட்டாதீர்கள், வீடியோ அழைப்பில் ஊருக்குச் சத்தமாகப் பேசாதீர்கள். இரவில் விருந்தினரோடு ஒரே மேசையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். சொல்லாவிட்டால் மனசு நோகாதீர்கள், அன்றைக்குத் தட்டு எண்ணிக்கை அப்படி.

நீங்கள் கேட்காத ஒன்று. செப்டம்பர் மூன்றாம் ஞாயிறிலிருந்து ஜனவரி 31 வரை இங்கே வேட்டைப் பருவம். காட்டுப்பன்றிக்கு நாய்களோடு கூட்டமாகப் போவார்கள். காட்டுப் பாதையில் தனியாக நடைபோகாதீர்கள், போவதென்றால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் மேலுடை போட்டுக்கொள்ளுங்கள். தோப்பிலிருந்து வந்ததும் காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு 112. ஞாயிற்றுக்கிழமை பல கிராமங்களுக்குப் பேருந்தே இருக்காது, உங்கள் ஓய்வு நாளை வார நாளில் கேட்டு வாங்கினால் பெரூஜாவுக்கோ அசீசிக்கோ ரயிலில் போய்வரலாம்.

என்ன கொண்டுபோவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுவரக்கூடாது, அதனால் பால்கோவா வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். இங்கே அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தெற்கே பூல்யாவில் 2013இல் கண்டறியப்பட்ட ஒரு நோய்க்கிருமி லட்சக்கணக்கான ஆலிவ் மரங்களைக் காய வைத்துவிட்டது, நூற்றாண்டு கண்ட மரங்கள். பருப்பு, மிளகு, மஞ்சள்தூள் கொண்டுவரலாம். உங்களுக்கென்று முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் இங்கேயே கூட்டுறவுக் கடையில் மலிவாகக் கிடைக்கும், பெட்டியில் இடத்தை வீணாக்காதீர்கள். கம்பளி உள்ளாடை இரண்டு எடுத்துவையுங்கள், கல் வீடு உள்ளுக்குள் வெளியைவிடக் குளிரும். அந்த அம்மாவுக்குச் சென்னிமலைப் போர்வை ஒன்று, நல்ல கனமான பருத்தி. நாள் முழுக்க அடுத்தவர் படுக்கைக்கு விரிப்புப் போடுகிறவர் அவர். தன் கட்டிலுக்கென்று அவர் ஒன்று வாங்கிப் பல வருடம் ஆகியிருக்கும்.